பளிங்கு வாசலும் பின்வாசலும்



மும்பை மாநகரில் நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயார் பத்தொன்பது ஆண்டுகள் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பணியில் இருந்தார். நாளொன்றுக்குப் பதினான்கு அறைகள். விரிப்பில் ஒரு சுருக்கமும் இருத்தலாகாது. கண்ணாடியில் ஒரு விரல் அடையாளமும் தெரியலாகாது. முழங்கால் வலி பொறுக்கமாட்டாமல் அவர் வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆனபின், அவருடைய மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் கைக்கு வந்ததும், தாயை அதே ஹோட்டலுக்கு மாலைத் தேநீர் அருந்த அழைத்துச் சென்றாள். என்னையும் என் மனைவியையும் கூட வரும்படி வருந்தி அழைத்தாள்.

டாக்சி முன்வாசலில் நின்றது. தலைப்பாகை அணிந்த காவலர் கதவைத் திறந்தார். இறங்கிய தாயாரோ சட்டென்று இடப்பக்கம் திரும்பி, மதிலோரமாய் விரைந்து நடக்கத் தொடங்கினார்.

"எங்கேம்மா போறே? வாசல் இங்கேதானே இருக்கு?" என்றாள் மகள்.

தாயார் நின்றார். வெட்கத்தோடு சிரித்தார். "பத்தொன்பது வருஷமா அந்தப் பக்கமாத்தானே போனேன். கால் தானாப் போயிட்டுது" என்றார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மில் எத்தனையோ பேர் இந்நகரத்தின் ஆடம்பரத்தைப் பின்வாசல் வழியாகவே அறிந்திருக்கிறோம். நம் பிள்ளைகளோ முன்வாசலைப் பார்த்து ஏங்குகிறார்கள். ஆகவே இவ்விரண்டு வாசல்களையும் குறித்துக் குடும்பமாய் அமர்ந்து சிந்திப்பது நமக்கு அவசியமாயிருக்கிறது.

கடலோரத்து மாளிகை

அப்பல்லோ பந்தரில் கடலை நோக்கி நிற்கும் தாஜ்மகால் ஹோட்டலைக் காணாத மும்பைத் தமிழர் இல்லை. ஊரிலிருந்து வரும் உறவினரை நாம் முதலில் அழைத்துச் செல்வது அங்கேதான். எதிரே நிற்கும் இந்தியாவின் நுழைவாயிலே பழைமையானது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. ஜாம்ஷெட்ஜி டாட்டா கட்டிய ஹோட்டல் 1903 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டது. நுழைவாயில் திறக்கப்பட்டதோ 1924-ஆம் ஆண்டில்தான். ஹோட்டல் திறந்த மறு ஆண்டே அதன் நிறுவனர் காலமானார். மின்விளக்கும், ஜெர்மனியிலிருந்து வந்த மின்தூக்கிகளும், துருக்கி முறைக் குளியலறைகளும் அக்காலத்தில் பெரும் அதிசயமாய் இருந்தன. முதல் உலகப்போர் மூண்டபோது அதே மாளிகை 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாய் மாறியது.

காலா கோடாவில் இருந்த வாட்சன் ஹோட்டலில் இந்தியர் என்பதற்காக டாட்டாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்றும், அந்த அவமானத்தினாலேயே அவர் தாஜ் ஹோட்டலைக் கட்டினார் என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. அதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆயினும் அக்கதை இத்தனை காலம் மறையாமல் இருப்பதன் காரணம் நமக்குத் தெரியும். ஒரு வாசலில் நின்று, "உள்ளே போகலாமா, கூடாதா?" என்று தயங்கியவன் அந்தத் தயக்கத்தை எளிதில் மறப்பதில்லை. வாட்சன் ஹோட்டலில்தான் 1896 ஜூலை 7 அன்று லூமியர் சகோதரர்களின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாய்க் காட்டப்பட்டன. அத்தனை பெருமை வாய்ந்த அந்த இரும்புக் கட்டடம் பின்னாளில் பாழடைந்து, தாங்குகட்டைகளின் துணையோடு நிற்கும் நிலைக்கு வந்தது. ஆடம்பரத்திற்கும் ஆயுசு உண்டு.

2008 நவம்பர் 26 இரவு தொடங்கிய பயங்கரவாதத் தாக்குதலில் மும்பையில் 166 பேர் மாண்டனர். தாஜ் ஹோட்டலில் சமையற்காரரும் பரிமாறுவோரும் தொலைபேசி இணைப்பாளர்களும் தப்பி ஓட வழி அறிந்திருந்தும், விருந்தினரை விட்டுப் போகவில்லை. அவர்களுள் பலர் உயிரைக் கொடுத்தனர். பொது மேலாளர் கரம்பீர் காங் தம் மனைவியையும் இரு குமாரரையும் தீயில் இழந்த பின்னரும் பணியிடத்தை விட்டு அகலவில்லை. பழைய மாளிகைப் பகுதி 2010 ஆகஸ்டு 15 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. அந்த மூன்று நாட்களில் எத்தனையோ உயிர்களைக் காத்தவர்கள் தினமும் பின்வாசல் வழியாய் உள்ளே வந்த ஊழியர்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

புகைபோக்கியின் நிழலில்

லோயர் பரேலில் உள்ள பீனிக்ஸ் பல்லேடியம் வணிக வளாகத்திற்கு நம் வாலிபர் அடிக்கடி போய் வருகிறார்கள். அங்கே வானளாவி நிற்கும் புகைபோக்கியை அவர்கள் கவனித்ததுண்டோ, அறியேன். 1905-இல் நிறுவப்பட்ட பீனிக்ஸ் பஞ்சாலையின் புகைபோக்கி அது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்டன. நெசவாளியின் வியர்வை சிந்திய மண்ணில் இன்று வெளிநாட்டுக் கைப்பைகளும் கைக்கடிகாரங்களும் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிர்கின்றன. அதே வளாகத்தில் நட்சத்திர ஹோட்டலும் எழும்பி நிற்கிறது.

பாந்திரா குர்லா வளாகத்தில் 2023-இல் ஜியோ வேர்ல்ட் பிளாசா திறக்கப்பட்டது. உலகின் மிக விலையுயர்ந்த வணிகப் பெயர்கள் அங்கே கடை விரித்திருக்கின்றன. மித்தி ஆற்றின் மறுகரையில் தாராவி இருக்கிறது. தோல் பைகளையும் இடைவார்களையும் தைக்கும் கைகள் அங்கே உண்டு. விடியுமுன் இட்லி அவித்து, மிதிவண்டியில் நகரெங்கும் கொண்டுபோய் விற்கும் நம் தமிழ்க் குடும்பங்களும் அங்கே உண்டு. ஆற்றின் இரு கரைகளிலும் தோல் பை விற்கிறது. விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தையலைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர் பெயருக்குக் கொடுக்கும் விலை எவ்வளவு, பொருளுக்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்வார்.

மேஜையில் அமருமுன்

பெரிய ஹோட்டலில் அறை எடுத்துத் தங்குவோர் மட்டுமே அங்கு உண்ணலாம் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அங்குள்ள உணவகங்கள் பொதுவாக எல்லாருக்கும் திறந்தவை. முன்கூட்டியே தொலைபேசியில் மேஜை பதிவு செய்து, உடைக்கட்டுப்பாடு உண்டா என்று கேட்டுக்கொள்வது நலம். முள்கரண்டிகள் பல வரிசையாய் இருந்தால் வெளிப்புறத்தில் உள்ளதை முதலில் எடுங்கள். தெரியாததைப் பரிமாறுபவரிடம் கேட்பது இழிவல்ல; விளக்கிச் சொல்வது அவர் தொழில்.

விலையை அறியாமல் அமருவதே உண்மையான ஆபத்து. உணவுப் பட்டியலில் காணும் தொகை கடைசித் தொகை அன்று. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஹோட்டல்களின் உணவகங்களில் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. சாதாரண உணவகத்திலோ 5 விழுக்காடுதான். நால்வர் 10,000 ரூபாய்க்கு உண்பதாக வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்தால் 11,000. அதன்மேல் வரி 1,980. மொத்தம் 12,980 ரூபாய்.

அந்தச் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்த்து வற்புறுத்தலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச் 28 அன்று டில்லி உயர்நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே அக்கட்டணத்தை நீக்கும்படி நீங்கள் தாழ்மையாய்க் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. ஆனால் பரிமாறிய தம்பியின் கையில் உங்களால் இயன்றதை மனமுவந்து கொடுங்கள். புட்டித் தண்ணீரைப் பொறுத்தமட்டில், ஹோட்டல்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ஆகையால் அமர்ந்தவுடனே சாதாரணக் குடிநீர் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

நான் செய்த தவறு

இதை எழுதும் நான் உத்தமன் அல்ல. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தினர் சிலரை ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துச் சென்றேன். அவர்கள் கேட்கவில்லை, நம் வீட்டுச் சாப்பாட்டை அவர்கள் எளிதாய் எண்ணிவிடுவார்களோ என்ற என் வீண் பெருமையே காரணம். பில் வந்தபோது கை நடுங்கிற்று. கடன் அட்டையை நீட்டினேன். மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். அந்த ஒரு வேளை விருந்தை அடைத்துத் தீர்க்க எனக்கு ஓராண்டுக்கு மேல் சென்றது. அந்த ஆண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கு என் மனைவி தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இக்கணக்கைப் பாருங்கள். அட்டையில் 20,000 ரூபாய் பாக்கி. வட்டி மாதம் 3.5 விழுக்காடு. ஒரு மாத வட்டி 700 ரூபாய். வட்டியின்மேல் 18 விழுக்காடு வரி 126 ரூபாய். ஆக 826 ரூபாய். குறைந்தபட்சத் தொகையாக 1,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 174 ரூபாய் மட்டுமே. கடன் அட்டை வட்டிக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு விதித்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளிவிட்டது. ஆகையால் நம்மைக் காக்கும் வேலி நம் கையில்தான் இருக்கிறது.

வீட்டு வழக்கமாய் ஒன்றைச் சொல்லுகிறேன். பெரிய ஹோட்டலுக்குப் போக விரும்பினால் ஓர் உண்டியல் வையுங்கள். நிரம்பின பின்பு போங்கள். திருமண நாளுக்கோ, பிள்ளையின் தேர்ச்சிக்கோ ஆண்டுக்கு ஒருமுறை போவது பாவமன்று. கடன் வாங்கிப் போவதும், அடுத்த வீட்டாருக்குக் காட்டுவதற்காகப் போவதுமே கேடு.

பின்வாசல் தாழ்ந்ததல்ல

வாலிபருக்கு ஒரு வார்த்தை. ஹோட்டல் தொழிலில் அடிமட்டத்தில் சேர்ந்து அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. தாதரில் 1954-இல் தொடங்கப்பட்ட அரசு சார்ந்த ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. நாட்டில் இவ்வகைக் கல்லூரிகளுக்கு அதுவே முன்னோடி. தேசிய அளவிலான நுழைவுத் தேர்வின் மூலம் சேரலாம். சமையற்கூடம், பரிமாறுதல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு ஆகிய நான்கையும் கற்பிக்கிறார்கள். தாய் பின்வாசலில் உழைத்த அதே துறையில் மகன் மேலாளராய் அமருவதற்கு இது நேரான வழி.

நல்ல உணவுக்கும் நல்ல பொருளுக்கும் பளிங்குத் தரை அவசியமுமில்லை. மாதுங்காவில் 1942 முதல் வாழையிலையில் சாப்பாடு போடும் ராமா நாயக் உடுப்பி இருக்கிறது. 1940 முதல் நடைபெறும் கஃபே மெட்ராஸ் இருக்கிறது. 1869-இல் கட்டி முடிக்கப்பட்ட கிராபோர்டு மார்க்கெட்டில், எழுத்தாளர் கிப்ளிங்கின் தந்தை வடிவமைத்த சிற்பங்களின் கீழே நின்று பழம் வாங்கலாம். பிள்ளைகளை அங்கேயும் அழைத்துச் செல்லுங்கள்.

இனி அந்தத் தாயாரிடம் வருகிறேன். தேநீர் வந்தது. முதலில் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தவர், மெல்லச் சாய்ந்து அமர்ந்தார். மேஜை விரிப்பை விரலால் தடவி, "நல்லாத் தேய்ச்சிருக்காங்க" என்றார். கோப்பைகளை எடுக்க ஓர் இளைஞன் வந்தபோது, மராத்தியில், "சாப்பிட்டாயா தம்பி?" என்று கேட்டார். பரிமாற வந்தவனை அப்படி விசாரித்தவர் அன்று அந்தக் கூடத்தில் வேறு எவரும் இல்லை.

புறப்படும்போது முன்வாசல் வழியாகவே வெளியே வந்தார். காவலர் அவரை அடையாளம் கண்டு, கைகூப்பி வணங்கினார். தாயாரும் வணங்கினார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்பானவர்களே, முன்வாசலுக்குள் போகும் நாள் உங்களுக்கும் வரும். அப்போது கடனோடு போகாதிருங்கள். பின்வாசலில் நிற்பவரை மறவாதிருங்கள்.