ஐஐடிக்குள் நுழையப் புது வழிகள்: சென்னை வளாகத்தின் சில ஆண்டுகள்

2024 ஆகஸ்ட் 12 அன்று மத்தியக் கல்வி அமைச்சகம் உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசைப் பட்டியலை வெளியிட்டது. ஒட்டுமொத்தப் பிரிவில் தொடர்ந்து ஆறாவது முறையாகவும் பொறியியலில் தொடர்ந்து ஒன்பதாவது முறையாகவும் ஐஐடி மெட்ராஸ் முதலிடம் பிடித்தது. மறுநாள் நாளிதழ்களில் இதுதான் தலைப்புச் செய்தி. தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் விஷயம்தான். ஆனால் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு அதைவிட அதிகம் பயன்படும் செய்திகள், அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வந்துபோயின. யார் இந்த நிறுவனத்தில் சேரலாம் என்ற விதியே அந்தக் காலத்தில் பல இடங்களில் தளர்ந்தது.

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. கிண்டிக் காட்டை ஒட்டிய வளாகத்தில் மான்கள் உலவும்; விடுதிகளுக்குக் காவேரி, நர்மதா, கோதாவரி என்று நதிகளின் பெயர்கள். அங்கே பிடெக் படிக்க வேண்டுமானால் ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதியே தீர வேண்டும் என்பதுதான் பல பத்தாண்டு நிலை. முதலில் மெயின், அதில் தேறும் சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு அட்வான்ஸ்டு. 2024-ல் அட்வான்ஸ்டு எழுதியவர்கள் சுமார் 1,80,000 பேர். நாட்டின் 23 ஐஐடிகளிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,700-ஐ ஒட்டித்தான். பத்தில் ஒருவருக்கே இடம். அந்த ஒருவராவதற்கு எட்டாம் வகுப்பிலிருந்தே கோச்சிங்குக்கு அனுப்பும் குடும்பங்கள் உண்டு; அதற்கு வசதியில்லாத குடும்பங்களே இங்கே அதிகம். அந்த ஆண்டு அட்வான்ஸ்டு தேர்வை நடத்தும் பொறுப்பு ஐஐடி மெட்ராஸிடமே இருந்தது. அதே நிறுவனம்தான் அந்தத் தேர்வைத் தாண்டியும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

அதில் முக்கியமானது பெரும்பாலும் இணையவழியில் நடக்கும் பிஎஸ் பட்டப்படிப்பு. தரவு அறிவியலில் 2020-ல் அறிவிக்கப்பட்டு, 2021 ஜனவரியில் வகுப்புகள் தொடங்கின. 2023 மார்ச்சில் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பாடத்திலும் இதே மாதிரியான பட்டப்படிப்பு அறிமுகமானது. இரண்டிலும் சேர ஜேஇஇ தேவையில்லை. சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெற்றோர் பலர் இதை ஏதோ ஆன்லைன் சான்றிதழ் வகுப்பு என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள்.

தரவு அறிவியலை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவுடன் நான்கு வாரப் பாடங்களை அனுப்பிவிடுகிறார்கள்: ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணக்கீட்டுச் சிந்தனை. காணொளிகளைப் பார்த்து, வாராவாரம் பயிற்சிக் கணக்குகளைச் செய்து அனுப்ப வேண்டும். அதில் தேவையான மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மட்டும் தகுதித் தேர்வு. அதைக் குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். கேள்விகள் அந்த நான்கு வாரப் பாடத்திலிருந்தே வரும். தேர்ச்சி பெற்றவர் அனைவருக்கும் இடம் உண்டு. இத்தனை இடம்தான் என்ற வரம்பு கிடையாது. இரண்டு வருடம் கோச்சிங் போனவரும் போகாதவரும் ஒரே பாடத்தை ஒரே நான்கு வாரத்தில் படித்து எழுதுவதால், பணம் போட்டுப் படித்தவருக்குக் கிடைக்கும் முன்னிலை கணிசமாகக் குறைகிறது. ஒரு நுழைவுத் தேர்வு இப்படியும் இருக்கலாம் என்று காட்டியதையே இந்தத் திட்டத்தின் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

உள்ளே போனபின் சலுகை எதுவும் இல்லை. முழுப் பட்டத்துக்கு 142 கிரெடிட். முதலில் அடிப்படை நிலை, பிறகு டிப்ளமோ, பிஎஸ்சி, கடைசியில் நான்காண்டு பிஎஸ். ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய சான்றோடு விலகிக்கொள்ளலாம். ஆண்டுக்கு மூன்று டர்ம். இடைத் தேர்வுகளும் இறுதித் தேர்வும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, நேரடி மையங்களில். வேறொரு கல்லூரியில் பிகாமோ பிஇயோ படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள் நிறைய. வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்களும் உண்டு. ஏழை, பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கட்டணத்தில் 75 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கிறது. 2024-ல் படிப்பவர்களின் எண்ணிக்கை முப்பதாயிரத்தை ஒட்டி வந்திருந்தது. கிண்டி வளாகத்தில் தங்கிப் படித்தவர்களைவிட இது சில மடங்கு அதிகம்.

குறைகளும் உண்டு. பிஎஸ் என்பது பிடெக் அல்ல. விடுதி வாழ்க்கை, ஆய்வுக்கூடம், பேராசிரியர் அறைக் கதவைத் தட்டிச் சந்தேகம் கேட்கும் வாய்ப்பு ஆகியவை வீட்டிலிருந்து படிப்பவருக்கு அதே அளவில் கிடைப்பதில்லை. பாடங்கள் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளைக்கு முதல் டர்மில் கணிதத்தைவிட மொழிதான் பெரிய சுவராக நிற்கும். நல்ல இணைய இணைப்பும் ஒரு கணினியும் இல்லாமல் நிரல் எழுதப் பழக முடியாது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டால் இவை தாமாக வந்துவிடாது.

மற்ற வழிகள் அளவில் சிறியவை. 2023 மே மாதம் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை தொடங்கப்பட்டது. அங்கே நான்காண்டு பிஎஸ் படிப்புக்கு இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் (ஐஐஎஸ்இஆர்) நடத்தும் திறனறித் தேர்வின் வழியாகச் சேர்க்கை. 2024-25 முதல் விளையாட்டு வீரர்களுக்கு ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடங்கள்; அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும். ஐஐடிகளில் இதுவே முதல்முறை. ஆனால் இதற்கும் அட்வான்ஸ்டு தேர்வில் தரவரிசை பெற்றிருக்க வேண்டும். மைதானத்தில் நேரம் செலவிடும் பிள்ளை அந்தத் தேர்வுக்கும் தயாராவது சுலபமல்ல என்பதால், உண்மையில் எத்தனை பேர் பலன் பெறுவார்கள் என்பதைச் சில ஆண்டுகள் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2023-ன் பெரிய கூட்டு முயற்சி இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் நடந்தது. 2023 ஜூலை 5 அன்று தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில், வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் முன்னிலையில், அங்கே ஐஐடி மெட்ராஸ் வளாகம் அமைப்பதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பரில் வளாகத்தை சான்சிபார் அதிபர் ஹுசைன் அலி முவின்யி திறந்துவைத்தார். நாட்டுக்கு வெளியே எந்த ஐஐடிக்கும் இதுவே முதல் வளாகம். அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் வேதிப்பொறியியல் பேராசிரியர் பிரீத்தி அகலாயம். ஐஐடி வளாகம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். அவரே ஐஐடி மெட்ராஸின் முன்னாள் மாணவியும்கூட. தரவு அறிவியல் மற்றும் செயற்கை நுண்ணறிவில் நான்காண்டு பிஎஸ், இரண்டாண்டு எம்டெக் என இரண்டு படிப்புகளோடு தொடங்கினார்கள். பட்டம் வழங்குவது ஐஐடி மெட்ராஸ்தான்.

இது நம் பிள்ளைகளுக்கான வழியா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பேன். பிஎஸ் படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 12,000 டாலர் என்று நிர்ணயித்தார்கள்; ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய். சென்னையில் பிடெக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு லட்சம். ஆனால் இதை வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். 1959-ல் ஜெர்மானியப் பேராசிரியர்களும் இயந்திரங்களும் வந்து நமக்கு ஒரு பொறியியல் கல்விக்கூடத்தை உருவாக்கக் கைகொடுத்தார்கள். அந்தக் கல்விக்கூடம் இப்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்னொன்றை உருவாக்கக் கைகொடுக்கிறது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. அங்குள்ள மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் உதவித்தொகை எவ்வளவு பரவலாகக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த மகிழ்ச்சி நிலைக்கும்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? அரசு மானியம் தவிர, முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தருவது வேகமாகக் கூடியிருக்கிறது. 2022-23-ல் 218 கோடி ரூபாய். 2023-24-ல் 513 கோடி. ஐகேட் நிறுவனர்களில் ஒருவரான சுனில் வாத்வானி தந்த 110 கோடியில் தரவு அறிவியல் மற்றும் செயற்கை நுண்ணறிவுப் பள்ளி உருவானது. 2024 ஆகஸ்டில், 1970-ல் எம்டெக் முடித்த கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி வழங்கினார். நிறுவனத்துக்குத் தனிநபர் ஒருவர் தந்த மிகப் பெரிய நன்கொடை அது. நம் அரசுக் கல்லூரிகளிலும் சாதித்த முன்னாள் மாணவர்கள் ஏராளம். அவர்களைத் தேடிப் பிடித்து, கணக்குக் காட்டும் அமைப்பு ஒன்று அங்கே இருந்தால், இதில் நூறில் ஒரு பங்காவது வந்து சேரும்.

ஆய்வுக்கூடத்தில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. 2023-ல் நிறுவனத்துக்குக் கிடைத்த காப்புரிமைகள் 300. அதற்கு முந்தைய ஆண்டு 156. காப்புரிமை எண்ணிக்கையைவிட 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது ஆய்வின் தரத்துக்குப் பலமான சான்று. நான்கு முறை தள்ளிப்போன பிறகு, அன்று காலை அக்னிகுல் நிறுவனத்தின் சோதனை ராக்கெட் பறந்தது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தியின் எரிதல் ஆய்வு மையத்தோடு சேர்ந்து வளர்ந்த நிறுவனம் அது. ராக்கெட் எஞ்சினை வழக்கமாக நூற்றுக்கணக்கான பாகங்களாகச் செய்து, பற்றவைத்துச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு பற்றவைப்பும் கசிவுக்கு வாய்ப்பு. ஒவ்வொன்றையும் சோதிக்க நாளாகும். அக்னிகுல் எஞ்சினோ உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கி, முப்பரிமாண அச்சு முறையில் சுமார் மூன்று நாளில் ஒரே துண்டாக உருவாக்கப்பட்டது. அப்படி ஒரே துண்டாக அச்சிட்ட பகுதிக் கிரையோஜெனிக் எஞ்சின் உலகில் பறந்தது அதுவே முதல்முறை. ஐஐடி மெட்ராஸின் தரமணி ஆராய்ச்சிப் பூங்கா 2010-ல் தொடங்கியபோது, கல்வி நிறுவனமும் தொழில் நிறுவனங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்ன விளையும் என்று பலர் சந்தேகப்பட்டதுண்டு; அதற்கு இந்த ராக்கெட் ஒரு பதில்.

வளர்ச்சிக் கணக்கில் சேராத ஒன்று மாணவர்களின் மனநிலை. 2023-ன் முதல் மாதங்களில் வளாகத்தில் மாணவர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரியும் எழுத்தாளருமான திலகவதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மனநலத்துக்கான ஏற்பாடுகள் விரிவாக்கப்பட்டன. கல்வி அழுத்தம், ஆய்வு வழிகாட்டியோடு உள்ள உறவு, சாதி, பணம், தனிமை என்று காரணங்கள் பல அடுக்குகளில் இருக்கும். ஆலோசனை மையம் திறப்பதோடு பொறுப்பு முடிந்துவிடாது. மனச்சோர்வில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

புதிய வழிகளில் உள்ளே வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கவனம் இன்னும் அதிகம் தேவை. அவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். திணறினால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அதனால் அடுத்த தரவரிசை வெளியாகும் நாளில் இயக்குநர் காமகோடியிடம் நிருபர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: பிஎஸ் படிப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அடிப்படை நிலையைத் தாண்டினார்கள், அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வரை போனார்கள், விலகியவர்கள் எதனால் விலகினார்கள்?