பெரிய கப்பல் நுழையாத பழைய துறைமுகங்கள்

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவருக்கு முதல் தடவையாகச் சொகுசுக் கப்பலில் போக ஆசை வந்தால், அவர் முதலில் சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாறோ புவனகிரியைத் தாண்டி நேரே பரங்கிப்பேட்டைக்குப் போய்க் கடலில் விழுகிறது. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலில் வந்து கடைபோட்ட ஊர் அது. அதற்கு வடக்கே கடலூர், இன்னும் வடக்கே ரோமானியச் சரக்கு இறங்கிய அரிக்கமேடு. தெற்கே பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம். இரண்டாயிரம் ஆண்டுக் கடல் வணிகத்தின் பெயர்கள் இத்தனையும் ஒரு நாள் கார்ப் பயணத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இன்று இவற்றில் ஒன்றிலும் பெரிய பயணிகள் கப்பல் கரையோடு வந்து அணைவதில்லை.

ஏன் என்ற கேள்விக்கு விடை மணலில் இருக்கிறது.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது தமிழ்நாட்டில் பலர் அப்படி ஒன்றை முதன்முதலாகப் பார்த்தார்கள். 1990இல் ஓடத் தொடங்கிய கப்பல் அது. நீளம் சுமார் 211 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் மாடிகளைவிட, தெரியாத பகுதிதான் நமக்கு இங்கே முக்கியம்: நீர்மட்டத்துக்குக் கீழே அதன் அடிப்பாகம் ஏறத்தாழ ஏழு மீட்டர் இறங்கியிருக்கும். அதற்கும் கீழே கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தால்தான் மாலுமி நிம்மதியாக ஓட்ட முடியும். பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் அந்த ஆழம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அங்கே வந்த பெருங்கப்பல்கள் எல்லாமே கடலில் நின்றவைதான்.

நம் கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து சாய்வாக வருகிறது. அப்படி ஏறும் அலை மணலைச் சாய்வாகத் தூக்கிப்போகிறது. வடியும் நீர் அதை நேராகக் கீழே இழுத்துவிடுகிறது. ஒவ்வொரு அலைக்கும் மணல் துகள் வடக்கே சிறிது தள்ளிப்போய் உட்காருகிறது. இரவும் பகலும் நிற்காத இந்த நகர்வில், கரையோரமாக வடக்கே போகும் மணல் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். ஐப்பசியில் வாடைக் காற்று தொடங்கியதும் திசை மாறி மணல் தெற்கே வரும். ஆனால் அது சில மாதங்கள்தான். கணக்கு முடியும்போது லாபம் வடக்குக்கே. வழியில் ஆற்று வாய் ஒன்று குறுக்கிட்டால் மணல் அதன் குறுக்கே திட்டாகப் படிந்து அதை அடைக்கப் பார்க்கிறது.

அந்த அடைப்பைத் திறக்க இரண்டு சக்திகள் உண்டு. ஒன்று, கடலின் ஏற்றவற்றம். ஏற்றத்தில் உள்ளே புகும் நீர், வற்றத்தில் வாய் கொப்பளிப்பது போல மணலை வெளியே தள்ளும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல்மட்டம் பத்து மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. பரங்கிப்பேட்டையில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கொப்பளிக்கப் போதுமான நீர் உள்ளே வருவதே இல்லை.

மற்றொன்று, ஆற்று வெள்ளம். வெள்ளாறு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறல்ல. கார்த்திகையில் பெருக்கெடுத்து வாயைக் கிழித்துத் திறக்கும், சித்திரையில் சோர்ந்துவிடும். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டும், அங்கிருந்து பிரியும் வெள்ளாற்று ராஜன் வாய்க்காலும், ஆற்றின் மேல்பகுதியில் உள்ள மற்ற அணைகளும் அந்த வெள்ளத்தில் ஒரு பங்கை வயலுக்குத் திருப்பிவிட்டன. அந்தத் தண்ணீரில்தான் நம் பகுதியில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருப்பது மேலே பெய்யும் மழை என்பதையும், மேலே எடுக்கும் ஒவ்வொரு பங்கும் கீழே கணக்கில் வரும் என்பதையும் நாம் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும்.

மணலை மட்டும் குற்றவாளியாக்கிவிடவும் முடியாது. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படைக்கும் போர் நடந்தது பரங்கிப்பேட்டையில்தான். இரண்டு ஆண்டு கழித்து, 1783 ஜூன் 20இல், கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேயத் தளபதி ஹ்யூஸும் கடற்போர் நடத்தினார்கள். வணிகத்துக்குப் போர் ஆகாது. பிறகு நீராவிக் கப்பல்கள் வந்தன, கப்பலின் அடி ஆழமாகிக்கொண்டே போனது, ரயில் வந்து சரக்கையெல்லாம் சென்னைக்கு இழுத்தது.

அப்படியானால் அந்த ஆழமற்ற வாயை வைத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டு எப்படி வணிகம் நடந்தது? எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பெரிய கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் கரை சேர்ப்பது நம் ஊர்ப் படகுக்காரர்கள் வேலை. இடையில் அலை உடையும் பட்டை ஒன்று உண்டு. ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் அங்கே தரையில் மோதிப் பிளந்துபோயின. நம்மவர்களின் மசூலாப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது தையல் இடம் கொடுக்கும். படகு முழுவதும் நெளிந்து அடியைப் பகிர்ந்துகொள்ளும். விறைப்பாக இருப்பதில் ஒரே இடத்தில் விழும் விசை, நெகிழ்வாக இருப்பதில் பரவிவிடுகிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களை வடிவமைக்கும் பொறியாளர் இன்று நம்புவதும் இதே இயற்பியலைத்தான். கவர்னர்களும் பாதிரிமார்களும் பொற்காசு மூட்டைகளும் அந்தத் தையலை நம்பித்தான் சோழமண்டலக் கரையில் இறங்கினார்கள். அந்தப் படகுகளைத் தைத்த கைகளின் பெயர் ஒன்றுகூட வரலாற்றுப் புத்தகத்தில் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அக்காலக் கப்பல்காரர்கள் காற்றையும் கணக்கிட்டார்கள். தென்மேற்குக் காற்றில் கிழக்கே போகலாம், வாடையில் திரும்பலாம். அக்டோபர் நடுவில் புயல் காலம் தொடங்குமுன் ஆங்கிலேயக் கப்பல்கள் இந்தக் கரையை விட்டு விலகிவிடும், ஒதுங்க இடமில்லாததால். இயற்கையே ஆழமாகக் குடைந்து கொடுத்த துறைமுகம் இலங்கையின் திருகோணமலையில்தான் இருந்தது. பரங்கிப்பேட்டை, நாகூர் மரைக்காயர்களின் மரக்கலங்கள் இந்தக் காற்றுகளில்தான் அச்சேவுக்கும் கெடாவுக்கும் பினாங்குக்கும் துணி ஏற்றிப் போயின. பினாங்கு ஜார்ஜ் டவுனில் இன்றும் கம்பீரமாக நிற்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801இல் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவரின் முயற்சியில் எழுந்தது. அவருக்குப் பூர்வீகம் பரங்கிப்பேட்டை என்பார்கள்.

மணலோடு நேருக்கு நேர் மோதியது சென்னைதான். 1870களின் பிற்பகுதியில் கடலுக்குள் கல்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் சுவரின் தெற்கே தேங்கியது. மெரினா இவ்வளவு அகன்றது அப்படித்தான். சுவருக்கு வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது, அங்கே மீனவர் வீடுகளைக் காக்கக் கல் கொட்ட வேண்டியதாயிற்று. 1980களின் இறுதியில் புதுச்சேரி துறைமுகச் சுவர்களும் நகரின் கடற்கரையை அதே கணக்கில் பறித்தன. சொகுசுக் கப்பலுக்காகப் பழைய துறைமுகங்களிலெல்லாம் சுவர் எழுப்பச் சொல்பவர்கள், வடக்கே அடுத்த குப்பத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். பெரிய கப்பல் தள்ளியே நிற்கட்டும். அது இறக்கிவிடும் சிறு படகில் பயணிகள் கரைக்கு வரட்டும். உலகத்தில் பல பழைய துறைமுக நகரங்களில் சொகுசுக் கப்பல்கள் இன்றும் அப்படித்தான் செய்கின்றன. மசூலாக்காரர்கள் செய்த வேலையேதான் அது, இன்ஜின் மட்டும் புதிது.

தமிழர்களுக்குக் கப்பல் பயணம் புதிதும் அல்ல. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்குப் பின் அந்தப் பாதையில் ஓடியது ‘எம்.வி. சிதம்பரம்’. நாகப்பட்டினத்தில் படகில் போய், ஆடும் கப்பலின் பக்கவாட்டு ஏணியில் தகரப்பெட்டியோடு ஏறியவர்கள் கடலூர், தஞ்சை மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார்கள். 1985இல் நடந்த தீ விபத்தோடு ‘சிதம்பர’த்தின் ஓட்டம் முடிந்தது.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து மறுபடி கப்பல் ஓடுகிறது. 2023 அக்டோபர் 14 அன்று 150 பேர் உட்காரும் ‘செரியபாணி’ யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரப் பயணம். வாடை வந்ததும் சில நாளிலேயே சேவையை நிறுத்த வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. அது புறப்படும் இடம் கடுவையாற்றின் முகத்துவாரம். தூர் வாரினால் சிறு கப்பல் போகும் அளவுக்கு ஆழம் கிடைக்கிற, நம் பழைய துறைமுகங்களின் அசல் அளவு அது.

ஆகவே முதல் கடல் பயணத்துக்குத் துறைமுக நகரம் தேடுகிறவர்களுக்கு என் யோசனை இது: சென்னையில் மாடிக் கப்பல் ஏறுமுன் நாகப்பட்டினத்தில் சிறிய கப்பல் ஏறுங்கள். கடவுச்சீட்டு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிட்டு, வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் போங்கள். கப்பல் ஓடுகிறதா என்று புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.