அந்த இருபது பெயர்கள்

கண்ணுள்ள வண்டி – 9

போன வாரம், நம் சின்ன வண்டிக்குக் கண்ணாகப் போகும் ஹஸ்கிலென்ஸ் கேமராவின் நாலு வயரையும் வண்டியின் மூளையான ஆர்டுயினோ ஊனோ போர்டில் மாட்டி முடித்தோம். இந்த வாரம் வண்டியைக் கறுப்புக் கோட்டின் மேல் ஓட விடுவதாகச் சொல்லியிருந்தேன். கோடு கொஞ்சம் காத்திருக்கட்டும். இந்தக் கேமராவுக்குப் பிறவியிலேயே பெயர் தெரிந்த பொருட்கள் இருபதுதான். அவை எவை, எங்கிருந்து வந்தன என்று தேடப்போய் வாரம் முழுக்க அதிலேயே கழிந்துவிட்டது.

கேமரா எப்படிப் பேசுகிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தை அது ஆர்டுயினோவுக்கு அனுப்புவதே இல்லை. அனுப்பினாலும் வாங்கி வைக்க ஊனோ போர்டில் இடம் கிடையாது, அதன் நினைவகம் 2 கேபிதான். பார்ப்பதும் கணக்குப் போடுவதும் கேமராவுக்குள் இருக்கும் கே210 சிப்பின் வேலை. முடிவை மட்டும் எண்களாகச் சொல்லும்: பொருளைச் சுற்றிய கட்டத்தின் நடுப்புள்ளி இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு, கட்டத்தின் அகலம், உயரம், நாம் பழக்கிய பொருளானால் அதன் அடையாள எண். ஆக ஐந்து எண். திரை 320க்கு 240 புள்ளி. முதல் எண் 160 என்றால் பொருள் நேர் எதிரே நிற்கிறது. குறைந்தால் வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும். அகலம் கூடிக்கொண்டே போனால் பொருள் நெருங்கி வருகிறது. எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கேமராவை நான் தயங்காமல் சொல்வது இதனால்தான்.

அந்தச் சிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் செய்த கனான் நிறுவனம் பிட்காயின் தோண்டும் இயந்திரங்களால் பேர் வாங்கியது. ஒரே கணக்கைச் சலிக்காமல் கோடிக்கணக்கான தடவை போடும் சிப்புகளைச் செய்து பழகியவர்கள், 2018இல் அந்தக் கைப்பழக்கத்தைப் பார்வையின் பக்கம் திருப்பினார்கள். நமக்கு நல்லதாகப் போயிற்று.

இனி இருபதுக்கு வருவோம். விமானம், சைக்கிள், பறவை, படகு, பாட்டில், பஸ், கார், பூனை, நாற்காலி, மாடு, சாப்பாட்டு மேசை, நாய், குதிரை, மோட்டார் சைக்கிள், மனிதர், தொட்டிச் செடி, செம்மறி ஆடு, சோபா, ரயில், டிவி. இது கேமரா செய்தவர்கள் உட்கார்ந்து யோசித்த பட்டியல் அல்ல. பாஸ்கல் வி.ஓ.சி. என்ற போட்டியின் பட்டியல் அப்படியே வந்திருக்கிறது. (நம் ஓட்டப்பிடாரத்து வ.உ.சி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) கம்ப்யூட்டருக்குப் பொருட்களை அடையாளம் காணச் சொல்லிக்கொடுக்கும் ஆராய்ச்சியாளர்கள், யார் முறை சிறந்தது என்று ஒரே அளவுகோலில் பார்க்க ஐரோப்பாவில் ஆண்டுதோறும் நடத்திய போட்டி அது. 2005இல் தொடங்கியபோது நாலே வகைதான்: சைக்கிள், கார், மோட்டார் சைக்கிள், மனிதர். 2006இல் பஸ், பூனை, மாடு, நாய், குதிரை, செம்மறி சேர்ந்து பத்தாயிற்று. 2007இல் சோபா, டிவி, தொட்டிச் செடி எல்லாம் வந்து இருபதில் நின்றது. ஃபிளிக்கர் தளத்தில் மக்கள் போட்டிருந்த புகைப்படங்களை எடுத்து, ஒவ்வொரு பொருளையும் சுற்றி மனிதக் கைகள் கட்டம் வரைந்தன. 2012ஆம் ஆண்டுத் தொகுப்பில் பயிற்சிக்கும் சரிபார்ப்புக்குமான படங்கள் 11,530. அவற்றில் கட்டமிட்ட பொருட்கள் 27,450. போட்டியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான லீட்ஸ் பல்கலைக்கழகத்து மார்க் எவரிங்ஹாம் அந்த ஆண்டு இறந்துபோனார். போட்டியும் அதோடு நின்றது. பட்டியல் மட்டும் நிற்கவில்லை. நாம் கையில் வைத்திருக்கும் 52 மில்லிமீட்டர் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் கேமராவைப் பவர் பேங்கில் செருகிக்கொண்டு மணிமுத்தாறு 80 அடி கால்வாய்க் கரைக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பையனும் கூட வந்தான். கரையில் ஓர் ஆச்சி வெள்ளாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டுக்கு நேரே பிடித்ததும் வெள்ளைக் கட்டம் உடனே விழுந்தது. கட்டம் கொம்பிலிருந்து குளம்பு வரை கச்சிதம். மேலே செம்மறி என்று ஆங்கிலத்தில் எழுத்து, பக்கத்தில் சதவீதம். ஆடு குனிந்ததும் நாய் என்றது. நிமிர்ந்ததும் மறுபடி செம்மறி. பையன் வாசித்துச் சொல்ல, ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

“ஏ ஐயா, எங்க வெள்ளாட்டைப் போயி செம்மறிங்குதே, இது எந்த ஊருப் பெட்டி?”

கேமராவை நான் குறை சொல்ல மாட்டேன். இருபதில் வெள்ளாடு இல்லை. இருப்பதில் எது கிட்ட வருமோ அதைத்தான் அது சொல்லும், சொன்னது நியாயமான ஊகமும்கூட. ‘தெரியாது’ என்று சொல்ல அதற்கு ஒரு வழிதான் உண்டு: கட்டமே போடாமல் இருப்பது. திரும்பி வரும்போது பையன் கேட்டுக்கொண்டே வந்தான்.

“மாமா, குரங்கு இருக்கா இதுல?”

“இல்லடே.”

“மிளா?”

“இல்ல.”

“சோபா?”

“இருக்கு.”

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரத்தில் நின்றுகொண்டு இப்படி ஒரு பதிலைச் சொல்வது எனக்கு மனத்தாங்கலாகத்தான் இருந்தது. 1988இல் அறிவித்த காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். கருமந்தி, சோலைமந்தி, மிளா, காட்டுமாடு, கரடி எதுவும் பட்டியலில் இல்லை. 2024 மே மாதம் பாபநாசம் பக்கம் வேம்பையாபுரத்தில் வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்த சிறுத்தையும் இல்லை. பறவை இருக்கிறது, ஆனால் ஒரே சொல்லாக. 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை இயற்கைவளக் காப்பு மையத்தார் நடத்துவது. அதில் கலந்துகொள்ளும் பிள்ளைகள் அரிவாள் மூக்கனையும் நத்தைகொத்தி நாரையையும் பறக்கும்போதே பிரித்துச் சொல்வார்கள். கேமராவுக்கு இரண்டும் பறவை.

இருபதில் ரயில் உண்டு, யானை கிடையாது. கோயம்புத்தூர் மதுக்கரைக் காட்டில் இரண்டும் ஒரே தண்டவாளத்தில் சந்திப்பதுதான் பிரச்சினையே. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் அங்கே 12 கோபுரங்களில் வெப்பத்தை உணரும் கேமராக்களை வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாட்டைத் தமிழக வனத்துறை தொடங்கியது. நம் கேமரா செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான், பார், பெயர் சொல், தகவல் அனுப்பு. அங்கே யானையை யாரோ மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். மெனக்கெடல் எவ்வளவு என்பதற்கு 2018 அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம்: 26,838 இடங்களில் கேமரா, கிடைத்த படங்கள் 3.48 கோடிக்கு மேல், அவற்றில் புலி 76,651. மற்றதையெல்லாம் விலக்கிப் புலியை எடுக்கத்தான் மென்பொருளின் துணை வேண்டியிருந்தது.

நம் அளவில் என்ன செய்யலாம்? கேமராவில் ‘பொருள் வகைப்படுத்தல்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. இடப்பக்கத் திருகை அதற்குக் கொண்டுவந்து, ஆட்டைக் காட்டி, வலப்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே முன்னால், பக்கவாட்டில், நிழலில், வெயிலில் என்று சுற்றி வர வேண்டும். பிறகு ஆடில்லாத வெறும் வேலியை இரண்டாவது எண்ணாகப் பழக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வேலியைப் பழக்காவிட்டால் காலி இடத்தையும் ஆடென்றே சொல்லிக்கொண்டிருக்கும். வாழைத்தோட்டத்துக் காட்டுப்பன்றிக்கு இது ஆகுமா என்று கேட்டு எழுதிய வாசகருக்கு: ஆகாது. பன்றி வருவது ராத்திரியில், இந்தக் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். கொல்லைப்புறக் கீரைப்பாத்திக்குப் பகலில் வரும் ஆட்டுக்குத் தாராளமாக ஆகும்.

பையன் தன் இருபதை எழுத ஆரம்பித்துவிட்டான். வெள்ளாடு, நாட்டுக்குரங்கு, மிளா, மயில், உடும்பு, கீரி, மினி பஸ், டிராக்டர் வரை வந்திருக்கிறது. ஹஸ்கிலென்ஸின் அடுத்த பதிப்பில் நாமே பயிற்றுவித்த மாடலை ஏற்றலாம் என்பதால் அந்தத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊர் இருபதையும் எழுதி அனுப்புங்கள், சோபா இல்லாமல்.

கோடு அடுத்த வாரம். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுருளும், பளபளப்பில்லாத வெள்ளைச் சார்ட் அட்டை நாலும் வாங்கி வையுங்கள். பளபளப்பு அட்டையில் டியூப்லைட் விழுந்தால் அந்த ஒளிக்கீற்றையும் கேமரா கோடென்று எடுத்துக்கொள்ளும்.