ஆலை ஓடாத நாளுக்கும் மின்கட்டணம் ஏன்?

கருமத்தம்பட்டி வட்டாரத்துச் சங்கக் கூட்டங்களில் ஒரு வினா அடிக்கடி எழக் கேட்டிருக்கிறேன். "மாதத்தில் பாதி நாள் மில் ஓடவில்லை, கரண்டு பில் மட்டும் பாதியாகக் குறையவில்லையே, ஏனுங்க?" என்று அங்கத்தினர் கேட்பர். கணக்கர் தவறிழைத்திருப்பாரோ என ஐயுறுவோரும் உளர். பெரும்பாலும் கணக்கில் பிழை இராது. மின்கட்டணம் எவ்வாறு அமைந்தது என்பதை நாம் அறியாமையே ஐயத்திற்குக் காரணம். பருத்தி விளைவிப்போரும் நெசவாளரும் பங்குதாரராக உள்ள ஆலையில் வீணாகும் ஒவ்வொரு ரூபாயும் நூல் விலையில் ஏறி, முடிவில் தறியின்மீதே விழுகிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

1932இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையில் பிறந்த அம்மின்சாரம் கம்பி வழியே கோவைக்கு இறங்கி வந்தமையால் இங்கு ஆலைகள் பெருகின. இன்றும் மின்சாரம் நம்மை அடைய இரண்டு செலவுகள் வேண்டும். ஒன்று, உற்பத்திச் செலவு. இது நாம் உபயோகிக்கும் யூனிட்டைப் பொறுத்தது. மற்றொன்று, கோபுரம், கம்பி, மின்மாற்றி, துணைமின் நிலையம் ஆகியவற்றின் செலவு. ஆலை ஓடினாலும் நின்றாலும் அக்கம்பி அங்கே காத்து நிற்க வேண்டும். அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டியும், பராமரிப்போருக்குச் சம்பளமும் நிற்பதில்லை. இவ்விரண்டாம் செலவை ஈடுசெய்வதே கேட்புக் கட்டணத்தின் முக்கிய நோக்கம். ஆலை அலுவலகத்தில் இதனை 'டிமாண்டு சார்ஜ்' என்பர். "எனக்கு இவ்வளவு கே.வி.ஏ. எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்" என்று ஆலை செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் விலை அது.

இனி, மின்னழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. அரசூரில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருப்பதை நம்மவர் பலர் பார்த்திருப்பர். இத்துணை உயர்ந்த அழுத்தம் எதற்கு? ஒரே அளவு மின்திறனை 11 கிலோவோல்ட்டுக்குப் பதில் 110 கிலோவோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகும். அதே கம்பியில் வெப்பமாக வீணாவது நூற்றில் ஒரு பங்காகும். ஆகவே தொலைதூரத்திற்கு மிக உயர் அழுத்தமும், ஊருக்குள் தாழ்வழுத்தமும் கையாளப்படுகின்றன.

இதிலிருந்து ஒரு நியாயம் பிறக்கிறது. நேரே அவினாசிச் சாலையில் ஏறும் லாரி ஊர்ச் சந்துகளைத் தேய்ப்பதில்லை. அதுபோன்றே 110 அல்லது 230 கிலோவோல்ட்டில் நேரடியாக இணைப்புப் பெற்ற பெருந்தொழிற்சாலை, ஊருக்குள் செல்லும் சிறு கம்பிகளையும் தெருமுனை மின்மாற்றிகளையும் உபயோகிப்பதில்லை. எந்த அழுத்தத்தில் இணைப்போ, அதற்கேற்ற வழிச்செலவே அதன் பங்கு என்பது உலகெங்கும் பேசப்படும் கொள்கை. உடுமலை, பல்லடம், ஆரல்வாய்மொழிப் பகுதிகளில் சொந்தக் காற்றாலை வைத்துள்ள நூற்பாலைகள் அரசுக் கம்பி வழியே மின்சாரம் கொண்டுவரும்போது, கழிக்கப்படும் மின்இழப்பு அழுத்தத்திற்கு ஏற்ப வேறுபடுவது இதனால்தான்.

நமது மாநில நிலையை நோக்குவோம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பர் 10 முதல் உயர் அழுத்தத் தொழிற்சாலைகளின் கேட்புக் கட்டணத்தைக் கே.வி.ஏ. ஒன்றுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ரூபாயாக உயர்த்தியது. அதன் பின்னரும் அது உயர்ந்தே வந்துள்ளது. ஒப்பந்த அளவில் 90 சதவீதம், அல்லது மீட்டரில் பதிவான உச்ச அளவு, இவற்றில் எது மிகுதியோ அதற்கே கட்டணம்.

ஓர் உதாரணம் காண்போம். ஆலையின் ஒப்பந்தம் 1000 கே.வி.ஏ.; பதிவாகும் உச்சமோ 600 மட்டுமே எனக் கொள்வோம். கட்டணம் 900 கே.வி.ஏ.வுக்கு, 550 ரூபாய் வீதம் மாதம் 4,95,000 ரூபாய். ஒப்பந்தத்தை 650ஆகக் குறைத்திருந்தால் 600 கே.வி.ஏ.வுக்கு 3,30,000 ரூபாயே ஆகும். மாதம் 1,65,000, ஆண்டுக்கு 19,80,000 ரூபாய் மிச்சம்! எந்திரங்களை விற்ற பின்னும் பழைய ஒப்பந்தத்தை மாற்றாத ஆலை, காலி வீட்டுக்கு வாடகை செலுத்துவதற்கு ஒப்பாகும். எனினும் அளவுக்கு மீறிக் குறைப்பதும் தகாது. ஒப்பந்தத்தை மிஞ்சினால் மிஞ்சிய அளவுக்கு இரட்டிப்புக் கட்டணம் உண்டு.

கம்பிச் செலவை ஒருவர் தவிர்த்தால் அது மறைந்துவிடுமோ? மறையாது, அடுத்தவர் தலையில் ஏறும். பிரிட்டனில் குளிர்காலத்தின் மூன்று உச்ச அரைமணிகளில் பெருந்தொழிற்சாலைகள் எடுத்த அளவைக் கொண்டே அவற்றின் மின்கடத்தல் கட்டணம் கணிக்கப்பட்டு வந்தது. அந்நேரத்தை ஊகித்து எந்திரங்களை நிறுத்தியோர் தப்பினர், மற்றையோர் சுமந்தனர். அதனால் 2023 ஏப்ரல் முதல் அச்செலவில் பெரும்பகுதி, இணைப்பின் அழுத்தத்தையும் அளவையும் கொண்டு வகுத்த நிலைக் கட்டணமாக மாற்றப்பட்டது.

சுமையைப் பங்கிடுவது எத்துணை கூர்மையான வினா என்பதைக் கொங்கு நாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1970இல் பம்புசெட்டு மின்கட்டண உயர்வை எதிர்த்த கிளர்ச்சியின்போது, அருகிலுள்ள பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உழவர் மூவர் உயிர் நீத்தனர். 1990 முதல் உழவருக்கு மின்சாரம் இலவசம். 2023இல் விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 1000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் என இலவச அளவு உயர்த்தப்பட்டது. இச்சலுகைகளின் செலவை அரசின் மானியமும் பெரிய உபயோகிப்பாளர் செலுத்தும் கூடுதல் விலையும் தாங்குகின்றன. ஆகவே ஒரே குடும்பத்தில் உழவராகச் சலுகை பெற்று, ஆலைப் பங்குதாரராகச் சுமையை ஏற்பவரும் நம்மிடையே உளர். இரு பக்கமும் அறிந்து பேசுவதே நமக்கு அழகு.

கட்டண விகிதம் நம் கையில் இல்லை. ஒப்பந்த அளவு நம் கையில் உண்டு. அடுத்த பொதுப் பேரவையில் அங்கத்தினர் மூன்று விவரங்களைக் கேட்க வேண்டும்: ஒப்பந்தம் எவ்வளவு? பன்னிரண்டு மாதங்களிலும் பதிவான உச்சம் எவ்வளவு? பவர் பேக்டர் எவ்வளவு? 500 கிலோவாட் சுமைக்குப் பவர் பேக்டர் 0.85 எனில் 588 கே.வி.ஏ. பதிவாகும், நல்ல கப்பாசிட்டர்களால் அதனை 0.98 ஆக்கினால் 510 போதும். ஒப்பந்தத்தைக் குறைக்குமுன், பின்னர் எந்திரம் சேர்க்கும் எண்ணம் உண்டா என்பதையும் நிர்வாகக் குழு ஆராய்தல் வேண்டும். மீண்டும் உயர்த்த மேம்பாட்டுக் கட்டணம் செலுத்த நேரிடும்.

மின்சார பில்லின் கடைசி வரியை மட்டும் பார்த்து வருந்துவதில் பயனில்லை. முதல் பக்கத்திலுள்ள கே.வி.ஏ. எண்களைப் படிக்கத் தெரிந்த அங்கத்தினர் சங்கத்துக்கு ஒருவர் இருந்தாலும், கேள்வியின்றிக் கழியும் தொகையில் ஒரு பகுதியேனும் நூல் விலையிலும் பங்காதாயத்திலும் நமக்கே திரும்பி வரும்.