பத்தாயிரத்துக்குள்ள ஒரு குட்டி கேமரா: நெய்வேலியில போட்டுப் பார்த்த கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குக் கேள்வி சின்னதுதான். கையில போன் இருக்கும்போது, பத்தாயிரம் ரூபாய்க்குள்ள ஒரு காம்பாக்ட் டிஜிட்டல் கேமரா வாங்குறதுல அர்த்தம் இருக்கா? ரீல்ஸ்ல பழைய ‘டிஜிகேம்’ மறுபடி வலம் வர ஆரம்பிச்சதுல இருந்து நிறைய பேர் இதைத்தான் கேட்கிறீங்க.

எனக்கு இதுல சொந்தக் காரணமும் உண்டு. நான் நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்தவன். அங்க நாங்க இருக்கிறது என்.எல்.சி. குவார்ட்டர்ஸ். வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. ரிட்டயர் ஆனா சாவியைத் திருப்பிக் கொடுத்துடணும். அப்பாவுக்கு இன்னும் சில மாசம்தான் சர்வீஸ். அதுக்குள்ள அந்த வீட்டை, கொல்லையில இருக்கிற பலா மரத்தை, ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்களை, தினமும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வைக்கணும்னு ஒரு ஆசை. ஊர்ல எதுவும் அப்படியே நிக்கும்னு நம்ப முடியாது. 1962-ல ஓட ஆரம்பிச்ச முதல் அனல்மின் நிலையத்தையே 2020-ல நிறுத்திட்டாங்க.

சரி, கேமராவுக்கு வருவோம். நான் சில வாரம் கையில வெச்சுப் பார்த்தது அத்தை வீட்டு பீரோவுல கிடந்த ஒண்ணு. எந்த கம்பெனிங்கிறது முக்கியம் இல்ல. கணக்குப் போட வசதியா, இந்த ரகத்துல பலருக்கும் தெரிஞ்ச சோனி சைபர்-ஷாட் டபிள்யூ800-ஐ எடுத்துக்குவோம். 2014-ல வந்தது. 20.1 மெகாபிக்சல், 5 மடங்கு ஆப்டிகல் ஜூம். வீடியோ 720பி, வைஃபை கிடையாது.

20 மெகாபிக்சல்னு கேட்டதும் பெருசாத் தெரியும். ஆனா அந்த சென்சார் எவ்வளவு பெருசு? சுமாரா 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதுக்குள்ள இரண்டு கோடி பிக்சலை அடைச்சா, ஒவ்வொண்ணும் 1.2 மைக்ரான்தான் வரும். பாத்திரம் சின்னதானா பிடிக்கிற வெளிச்சமும் கம்மிதானே? அதனால மெகாபிக்சலைப் பார்த்து வாங்காதீங்க. நாலுக்கு ஆறு இன்ச் பிரிண்ட் போட 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும். ஏ4 அளவுக்கே 9 மெகாபிக்சல் போதும். 2010 வாக்குல வந்த 10 மெகாபிக்சல் கேமரா ஆல்பத்துக்குத் தாராளம்.

இன்னைக்கு நடுத்தர விலை போன்கள்ல மெயின் கேமரா சென்சார் பெரும்பாலும் இதைவிடப் பெருசு. அதோட போன் ஒரே படத்தை எடுக்கிறதில்ல. பட்டனைத் தொட்டதும் பல ஃபிரேம் எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸைக் கழிச்சுட்டுத் தருது. விலை கம்மியான காம்பாக்ட் ஒரே ஒரு ஃபிரேம் எடுத்து அதையே கொடுத்துடும். அதனால சாயங்காலம் ஆறரைக்கு மேல, தெருவிளக்கு வெளிச்சத்துல, போன்தான் ஜெயிக்கும். நானும் பார்த்துட்டேன். அதுல வாதமே இல்ல.

அப்புறம் எதுக்கு கேமரா? முதல்ல ஃப்ளாஷ். போன்ல இருக்கிறது எல்இடி விளக்கு. கேமராவுல இருக்கிறது செனான் ஃப்ளாஷ். ஒரு நொடியில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள்ள ஒரே வெட்டு வெட்டி அடங்கிடும். அதனால ஓடுற குழந்தைகூட அப்படியே உறைஞ்சு நிக்கும். வீட்டுக்குள்ள பிறந்தநாள், மொட்டைமாடிக் கூத்து, இதுக்கெல்லாம் போன் இன்னும் இதை எட்டல. ஆனா மூணு மீட்டர் தாண்டினா ஃப்ளாஷ் எடுபடாது. கல்யாண மண்டபத்துக் கடைசி வரிசையில இருந்து மேடையை நோக்கி ஃப்ளாஷ் போடுறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும்.

இரண்டாவது, ஜூம். விலை கம்மியான போன்ல ஜூம்னா படத்தை வெட்டிப் பெருசாக்குறதுதான். இங்க லென்ஸே நகருது. புங்க மரத்து மைனாவைக் கீழ நின்னே எடுக்கலாம். ஆனா இதுலயும் ஒரு பிடி இருக்கு. டபிள்யூ800-ல ஜூம் பண்ணாதப்போ துவாரம் எஃப்/3.2, முழுசா ஜூம் பண்ணினா எஃப்/6.4. அதாவது உள்ள வர்ற வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும். அதனால என் கணக்கு, வெயில்ல ஜூம், வீட்டுக்குள்ள நடை. நாலடி முன்னாடி போய் எடுங்க. இன்னொண்ணு, ஜூம் இருக்குன்னு சுரங்கத்துப் பக்கமோ அனல்மின் நிலையத்துப் பக்கமோ நீட்டாதீங்க. பாதுகாப்பு சி.ஐ.எஸ்.எஃப். கையில. அனுமதி இல்லாம அங்க கேமரா கூடாது.

‘சிசிடி கலர்’ பத்தியும் கேட்கிறீங்க. சிசிடி சென்சார்னா ஃபிலிம் மாதிரி கலர் வரும்னு சொல்லி ஆன்லைன்ல பழைய கேமராக்களை விலை ஏத்தி விக்கிறாங்க. சென்சார் தனியா கலரை முடிவு பண்றதில்ல. மேல இருக்கிற கலர் ஃபில்டர், உள்ள இருக்கிற பிராசசர் ஜேபெக் ஆக்குற விதம், இதெல்லாம் சேர்ந்ததுதான் கலர். நம்ம டவுன்ஷிப் ரோடு முழுக்க மர நிழல். மத்தியானம் போன்ல எடுத்தா நிழலைத் தூக்கி எல்லாத்தையும் ஒரே வெளிச்சமாக்கிடும். பழைய கேமரா கறுப்பைக் கறுப்பாவே விட்டுடுது. அந்த ‘லுக்’ பெரும்பாலும் இதுதான். எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அதுக்காக மூவாயிரம் ரூபாய் கேமராவுக்கு எட்டாயிரம் கொடுக்க மாட்டேன்.

நான் எதிர்பார்க்காத விஷயம் ஒண்ணு நடந்தது. கேமராவை ஃப்ரிட்ஜ் மேல வெச்சேன். லாக் இல்ல, நோட்டிஃபிகேஷன் இல்ல. என் போனைத் தொடவே தொடாத அம்மா, தானா எடுத்துப் பின்பக்கக் கொடி, மாவு ஆட்டுற இடம், அப்பா ஷூ போடுறதுன்னு எடுத்து வெச்சிருக்காங்க. அதுல பாதி படம் எனக்குத் தோணியே இருக்காது. தினசரிப் படத்துக்கு கேமரா எப்படின்னு பார்க்க என் முதல் அளவுகோல் இப்போ இதுதான்: வீட்டுல வேற யாராவது அதை எடுக்கிறாங்களா? சென்சார் கணக்கெல்லாம் அதுக்கு அப்புறம்.

இப்போ வாங்குறது பத்தி. 2010-ல உலகம் முழுக்க பத்து கோடிக்கு மேல காம்பாக்ட் கேமரா கடைக்குப் போச்சு. 2023-ல இருபது லட்சம்கூட இல்ல. போன் வந்ததும் கம்பெனிகள் மலிவு ரகத்தைக் கைவிட்டுட்டாங்க. புதுசுல மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தான். கோடாக் பிக்ஸ்புரோ எஃப்இசட்55 மாதிரி. அதுவும் பழைய கோடாக் இல்ல, அந்தப் பேரை உரிமம் வாங்கி ஜேகே இமேஜிங்னு ஒரு கம்பெனி விக்குது. அதனால பலரும் பழசுக்குத்தான் போவீங்க.

பழசுன்னா கேமராவைக் கையில வாங்கி ஆன் பண்ணுங்க. லென்ஸ் முழுசா வெளிய வந்து, ஜூம் ஆகி, உள்ள போகுதா? பத்து தடவை பண்ணுங்க. இந்தக் குழாய் லென்ஸ் நீளும்போது காத்தையும் உள்ள இழுக்கும், தூசியும் கூடவே போகும். செம்மண்ணும் சாம்பலும் இருக்கிற நம்ம ஊர்ல வளர்ந்த கேமரான்னா இன்னும் உஷார். வெறும் வானத்தை முழு ஜூம்ல எடுத்து, படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப மங்கலா கறை வந்தா, தூசி உள்ள இருக்கு. துடைச்சா போகாது, பிரிச்சாத்தான் போகும். விட்டுடுங்க.

அடுத்து கார்டு. பழைய சோனி மெமரி ஸ்டிக், பழைய ஒலிம்பஸ், ஃபியூஜியோட எக்ஸ்டி கார்டு, இதெல்லாம் தேடி அலைய வைக்கும். எஸ்டி கார்டு போடுறதா பாருங்க. ரொம்பப் பழசுன்னா 2 ஜிபி-க்கு மேல படிக்காது. புது 64 ஜிபி கார்டைப் போட்டுட்டு கேமரா கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. பேட்டரி உப்பி இருந்தா தொடாதீங்க. பென்சில் செல் போடுற மாடல் கிடைச்சா நல்லது. ஆனா பெட்டிக்கடைச் செல் சீக்கிரம் தீர்ந்துடும், ரீசார்ஜ் பண்ற நிக்கல் செல் நாலு வாங்கிக்கோங்க.

வாங்கி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, தேதியும் நேரமும் சரி பண்றது. பழைய கேமராவுல உள்ள இருக்கிற குட்டி பேட்டரி செத்திருக்கும். மெயின் பேட்டரியைக் கழட்டும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போயிடும். அப்பாவோட கடைசி ஷிஃப்ட் படம் 2009 ஃபோல்டர்ல போய் உட்கார்ந்துடக் கூடாது இல்லையா? வாரம் ஒரு தடவை கார்டுல இருந்து லேப்டாப்புக்கும் ஒரு பென்டிரைவுக்கும் காப்பி பண்ணிடுங்க. வாட்ஸ்அப்ல அனுப்புறதை பேக்கப்னு எண்ணாதீங்க, அது படத்தைச் சுருக்கிடும்.

அடுத்த எபிசோட்ல இந்தப் படங்களை பிரிண்ட் போட எந்த பேப்பர், எவ்வளவு செலவுன்னு பேசலாம்.