உங்களுக்குத் தெரியுமா? பீச் – தாம்பரம் ரயில் பாதை

★ இந்தியாவில் மும்பைக்கு அடுத்து மின்சார ரயில் ஓடிய நகரம் நம் சென்னைதான். மும்பையில் 1925 பிப்ரவரி 3. இங்கே பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931 மே 11 முதல் ஜனங்கள் ஏறினார்கள். தென்னிந்திய ரயில்வே 1928-ல் வேலையை ஆரம்பித்தது. 1931 ஏப்ரல் 2 அன்று கவர்னர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி பாதையைத் தொடங்கி வைத்தார். மாம்பலம் தாண்டினால் பெரும்பாலும் ஏரியும் வயலுமாகக் கிடந்த காலம் அது. வண்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் வீடுகள் நெருங்கி வந்தன.

★ அந்தத் தண்டவாளம் மீட்டர் கேஜ். இரண்டு கம்பிக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். இன்று நாம் போகிற அகலப் பாதையில் 1,676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜில் மின்சார வண்டி ஓடியது நாடு முழுவதிலும் இந்தப் பக்கம் மட்டும்தான்.

★ 1960-களில் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை மின்கம்பி நீண்டது. ஜப்பானின் மிட்சுபிஷி செய்த மின்சார இன்ஜின்கள் வந்தன. எழும்பூரில் கிளம்பும் தென்மாவட்ட வண்டிகளை இவை விழுப்புரம் வரை இழுத்துப் போகும். அங்கே கழற்றிவிட்டு நீராவி இன்ஜினோ டீசல் இன்ஜினோ மாட்டுவார்கள். விழுப்புரத்தில் இறங்கி நிதானமாகச் சாப்பிட்டு ஏறலாம் என்ற நம்பிக்கை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வந்தது இப்படித்தான். பீச் – தாம்பரம் பகுதியில் 1,500 வோல்ட் நேர் மின்சாரத்தை மாற்றி, 25,000 வோல்ட் மாறு மின்சாரம் கொடுத்தது 1967 ஜனவரி 15-ல்.

★ பீச் – தாம்பரம் மீட்டர் கேஜ் யூனிட் (உள்ளூர் மின்சார ரயில்) கடைசியாக ஓடிய நாள் 2004 ஜூலை 1.

★ விமான நிலையத்துக்குப் போக மீனம்பாக்கத்தில் இறங்காதீர்கள். வாசலுக்கு நேர் எதிரே இருப்பது திரிசூலம் ஸ்டேஷன்.

★ தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷனுக்கு சானடோரியம் என்று பெயர் வரக் காரணமானவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் விடுதி நடத்திய தமிழர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் உடல்நலம் கெட்டுச் சேர்ந்த விடுதிகளில் அவருடையதும் ஒன்று. மருந்து கண்டுபிடிக்கப்படாத நாட்களில் காசநோய்க்குச் சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் வைத்தியம். ஊர் திரும்பிய டாக்டர் அந்தக் காற்றைத் தேடி, பச்சைமலை அடிவாரத்தில் 1928-ல் மருத்துவமனை தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. எய்ட்ஸ் என்ற பேச்சைக் கேட்டாலே பல இடங்களில் கதவைச் சாத்திய 1990-களில், இந்த ஆஸ்பத்திரி அந்த நோயாளிகளைப் படுக்கை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரல் 1 அன்று எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியபோது, முதல் எட்டு மருத்துவமனைகளில் இதுவும் இருந்தது. சானடோரியத்தில் வண்டி நிற்கும்போது அந்தப் பெயர்ப் பலகையை ஒருமுறை மரியாதையோடு பாருங்கள்.

★ குரோம்பேட்டையில் குரோம் எங்கிருந்து வந்தது? ஜி.ஏ. சேம்பர்ஸ் 1912-ல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியிலிருந்து. மரப்பட்டைச் சாறுக்குப் பதில் குரோமிய உப்பில் தோல் பதனிடும் முறை அப்போது புதிது. தொழிற்சாலையில் வேலை நின்றும் ஊர்ப்பெயர் நிலைத்துவிட்டது.

★ பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல்லாயுதம்தான், இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று. ஃபூட் நிலவியல் ஆய்வுத் துறைக்காரர்.

★ ஹைகோர்ட்டுக்கு எதிரே ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, தனது நூற்றாண்டான 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சேலையூர்ப் பக்கம் 350 ஏக்கருக்கும் மேலான புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் அங்கே மரம் மரமாக நட்டு வளர்த்தார்கள். இப்போதும் புள்ளிமான்கள் மேய்கின்றன. கல்லூரி இடம் மாறுவதற்கு ஆறு ஆண்டு முன்பே மின்சார ரயில் வந்திருக்காவிட்டால், நகரத்துப் பிள்ளைகள் தினமும் இவ்வளவு தூரம் படிக்க வந்திருக்க முடியுமா?

★ 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, பிரதமர் கொடியசைத்து அனுப்பிய ரயில் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? ராமேஸ்வரத்திலிருந்து நேராகத் தாம்பரத்துக்கு.

★ அதே மாதம் 19-ம் தேதி பீச் – செங்கல்பட்டு பாதையில் முதல் ஏ.சி. யூனிட் ஓடியது. குளிர்ச்சியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதன் தானியங்கிக் கதவு. 2018 ஜூலை 24 காலை மின்கம்பி அறுந்து, ஒரு லோக்கல் வண்டியை விரைவுப் பாதைக்குத் திருப்பிவிட்டார்கள். படியில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் பரங்கிமலை நடைமேடையோரச் சுவரில் மோதி, 5 பேர் உயிரிழந்தார்கள். வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. கதவு மூடினால்தான் ஏ.சி. வண்டி நகரும். ஆனால் அதில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், சாதாரண யூனிட்டில் 5 ரூபாய். அந்த 5 ரூபாய் டிக்கெட்டுக்காரருக்கும் மூடுகிற கதவு வர வேண்டும்.