முட்டை வாங்கிய காலேஜ்!

கணக்குப் பரீட்சையில் நான் முட்டை வாங்கி வந்த நாளில் அப்பா முதுகில் டின் கட்டினார். அதே முட்டையை வாங்கிவிட்டு ஒரு காலேஜ் பெருமையடித்துக் கொண்டால்?

2023 கடைசியில் நியூஜெர்சியிலிருந்து அத்தான் போன் செய்தார். "மாப்ளே, நீ பி.காம். ஆச்சே! பொண்ணு சேரப் போற காலேஜ்ல கடன் வாங்கிப் படிச்சவங்க ஒருத்தர்கூட டிமிக்கி கொடுக்கலையாம். டிபால்ட் ரேட் ஜீரோ! கண்ணை மூடிக்கிட்டு சேர்த்துடலாமா?"

"கண்ணைத் திறந்துகிட்டே பாருங்க அத்தான்!" என்றேன். பேலன்ஸ் ஷீட் முதல் தடவையே டாலி ஆனால் சந்தேகப்படுகிற ஜாதி நான்.

அங்கே அரசாங்கக் கல்விக் கடனுக்குக் கணக்கு இதுதான். ஒரு நிதியாண்டில் தவணை கட்டத் தொடங்க வேண்டியவர்கள் 100 பேர் என்று வையுங்கள். அதையும் சேர்த்து மூன்று நிதியாண்டு முடிவதற்குள், 15 பேர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் கட்டாமல் விட்டால் காலேஜின் ரேட் 15. மூன்று வருஷம் தொடர்ந்து 30-ஐத் தொட்டாலோ, ஒரே வருஷம் 40-ஐத் தாண்டினாலோ, அந்தக் காலேஜ் மாணவர்களுக்கு அரசாங்கக் கடன் கட்! பல காலேஜ்களுக்கு அதுதான் மூச்சு.

தமாஷ் இங்கேதான். 'தவணையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள்' என்று மாணவர் எழுதிக் கொடுத்தால் டிபால்ட் ஆகமாட்டார். வட்டி மட்டும் குட்டி போடும். கெடு தாண்டியபின் அவர் கவிழ்ந்தால் காலேஜ் கணக்கில் ஏறாது! காலேஜ்கள் அமர்த்திய சில ஆலோசகர்கள் மாணவர்களை இப்படித் தள்ளிவிட்டதை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2018-ல் சொன்னது.

சரி, முட்டை எப்படி வந்தது? கொரோனா! 2020 மார்ச்சில் தவணைகளை அரசே நிறுத்தியது. 2023 அக்டோபரில்தான் மறுபடி ஆரம்பம். கட்டவே வேண்டாம் என்றால் டிமிக்கி ஏது? 2010 கணக்கில் 14.7, 2017-ல் 9.7 என்றிருந்த தேசிய ரேட், 2020 கணக்கில் பூஜ்யம். கிட்டத்தட்ட எல்லாக் காலேஜும் ஆல் பாஸ்!

"2017 கணக்கைப் பாருங்க அத்தான். எத்தனை பேர் படிப்பை முடிக்கறாங்கன்னும் பாருங்க. பாதியில நின்னவங்கதான் அதிகமா மாட்டிக்கறாங்க. மாட்டினா, கோர்ட்டுக்கே போகாம சம்பளத்துல 15 சதவிகிதம் வரைக்கும் பிடிக்கச் சட்டம் இருக்கு."

மறுநாள் போன். "19 மாப்ளே!" குரலே இறங்கியிருந்தது.

பொண்ணு வேறு காலேஜில் சேர்ந்தாள். "அங்கே ரேட் எவ்வளவு?" என்றேன்.

"அங்கேயும் முட்டைதான். ஆனா, பழைய மார்க் ஷீட்டையும் பார்த்துட்டோம்ல!"